மரம் விட்டு மரம் மிதக்கும் சீனிச் சறுக்கி

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடற்கரையை ஒட்டிய யூகலிப்டஸ் காடுகளில் பகல் முழுவதும் பறவைகளின் ஆட்சிதான். கிளிகள் கூச்சலிட்டுப் பறக்கும். தேன் உண்ணும் பறவைகள் பூவுக்குப் பூ தாவும். கதிரவன் மறைந்து இருள் பரவியதும் அவை அடங்கிவிடும். அதன்பின் முதிர்ந்த மரமொன்றின் பொந்திலிருந்து ஒரு சிறு தலை வெளியே எட்டிப் பார்க்கும். பெரிய கரிய கண்கள், மெல்லிய காதுகள், இளஞ்சிவப்பு மூக்கு. அந்த உயிரினம் பொந்தை விட்டு வெளியேறி, மரத்தின் உச்சிக்கு விறுவிறுவென ஏறும். கிளையின் முனையில் ஒரு கணம் நின்று, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தொலைவை அளவிடும். பிறகு இருளுக்குள் பாய்ந்துவிடும்.

பாய்ந்த விலங்கு கீழே விழுவதில்லை. அதன் உடல் ஒரு சிறிய கைக்குட்டையைப் போல விரிகிறது. காற்றில் மிதந்து சென்று, வேறொரு மரத்தின் தண்டில் ஒட்டிக்கொள்கிறது. இவ்விலங்கை ஆங்கிலத்தில் ‘சுகர் கிளைடர்’ என்பர். இனிப்பான மரச்சாற்றையும் பூந்தேனையும் விரும்பி உண்பதாலும், காற்றில் சறுக்கிச் செல்வதாலும் இப்பெயர் வந்தது. தமிழில் சீனிச் சறுக்கி எனலாம்.

சீனிச் சறுக்கியைக் கையில் எடுத்தால் எடையே தெரியாது. வளர்ந்த விலங்கின் எடை ஏறத்தாழ 100 முதல் 150 கிராம்தான். மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தாலும் ஒரு முழத்திற்குக் குறைவு. அதிலும் பாதி வால். சாம்பல் நிற மென்மயிர் உடலைப் போர்த்தியிருக்கும். வயிற்றுப் பக்கம் வெளிர் மஞ்சளாக இருக்கும். மூக்கிலிருந்து முதுகு வரை ஒரு கருங்கோடு ஓடும். பார்ப்பதற்கு அணிலைப் போல இருந்தாலும் இதற்கும் அணிலுக்கும் நெருங்கிய உறவில்லை. அணில் கொறிக்கும் விலங்கு. சீனிச் சறுக்கியோ கங்காரு, கோவாலா ஆகியவற்றைப் போலத் தன் குட்டியை வயிற்றுப்பையில் வளர்க்கும் பைப்பாலூட்டி.

இதன் அறிவியல் பெயர் பெட்டாரஸ் பிரேவிசெப்ஸ். ‘பெட்டாரஸ்’ என்பது பழங்காலத்தில் கயிற்றின்மீதும் உயரத்திலும் வித்தை காட்டியவர்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ‘பிரேவிசெப்ஸ்’ என்பதற்குக் குறுந்தலை என்று பொருள். ஆக, ‘குறுந்தலைக் கழைக்கூத்தாடி’ என்பதே இதன் முழுப்பெயர். அறிவியல் பெயர்களில் இவ்வளவு பொருத்தமானவை குறைவு.

நெடுங்காலமாக ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே வகைச் சீனிச் சறுக்கிதான் வாழ்கிறது என்று கருதப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. மரபணுக்களையும் மண்டை ஓடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், ஒன்றாகக் கருதப்பட்டவை உண்மையில் மூன்று இனங்கள் என்று கண்டனர். உண்மையான சீனிச் சறுக்கி, தென்கிழக்கில் மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதற்கு அப்பால் பரந்து வாழ்வது கிரெஃப்ட் சறுக்கி. வடக்கே புல்வெளிக் காடுகளில் வாழ்வது சவானா சறுக்கி. மூன்றும் தோற்றத்திலும் பழக்கத்திலும் பெரும்பாலும் ஒத்திருப்பவையே. ஆனால், பெயர் பிரிந்ததால் கணக்கும் மாறியது. நாடெங்கும் ஏராளமாக வாழ்வதாக எண்ணப்பட்ட ஒரு விலங்கின் வாழிடம், ஒரே நாளில் வரைபடத்தில் ஒரு குறுகிய பட்டையாகச் சுருங்கிவிட்டது.

பறப்பதன்று, மிதப்பது

பறவையும் வௌவாலும் சிறகடித்து மேலெழும்ப வல்லவை. சீனிச் சறுக்கியால் அது முடியாது. அது உயரத்திலிருந்து தாழ்விடத்திற்கு மட்டுமே மிதந்து செல்லும். அதன் உடலின் இருபுறமும் மயிர் மூடிய மெல்லிய தோற்சவ்வு உண்டு. முன்காலின் கடைசி விரலில் தொடங்கும் அச்சவ்வு, பின்காலின் பெருவிரல்வரை நீளும். விலங்கு ஓய்வாக இருக்கும்போது இது விலாப்புறத்தில் சுருங்கிக் கிடக்கும். அதனால், அதன் விளிம்பு அலையலையான ஒரு மடிப்பைப் போலத்தான் தெரியும். நான்கு கால்களையும் அகல நீட்டிப் பாயும்போதுதான் சவ்வு விரிந்து, உடல் ஏறக்குறையச் சதுர வடிவம் பெறும்.

விரிந்த சவ்வின்மேல் மோதும் காற்று, உடலை மேல்நோக்கித் தாங்குகிறது. இதனால் விழும் வேகம் குறைந்து, முன்னே செல்லும் தொலைவு கூடுகிறது. சீனிச் சறுக்கி ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது ஏறத்தாழ 1.8 மீட்டர் முன்னே செல்கிறது. வழக்கமாக ஒரு பாய்ச்சலில் 20 மீட்டர் அளவு செல்லும். நல்ல உயரம் கிடைத்தால் 50 மீட்டர்வரை செல்லும். திசையை மாற்ற வேண்டுமானால் ஒரு பக்கத்துக் காலை உயர்த்தியும் தாழ்த்தியும் சவ்வின் வளைவை மாற்றிக்கொள்ளும். வால், படகின் சுக்கானைப் போல உதவும்.

இறங்குவதுதான் கடினமான பகுதி. வேகமாக வரும் உடல் மரத்தில் நேராக மோதினால் எலும்பு முறியும். ஆகவே, மரத்தை நெருங்கியதும் சீனிச் சறுக்கி பின்கால்களை உடலை நோக்கி இழுத்து, உடலைச் செங்குத்தாக நிமிர்த்தும். அப்போது சவ்வு ஒரு குடையைப் போலக் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். நான்கு பாதங்களும் தண்டைத் தொட்டதும் கூரிய நகங்கள் பட்டையைப் பற்றிக்கொள்ளும். பின்காலின் பெருவிரலில் மட்டும் நகமில்லை. அது மனிதனின் கட்டைவிரலைப் போல மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கிக் கிளையை இறுகப் பிடிக்கும்.

மிதந்து செல்லும் பாலூட்டிகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் புதியவை அல்ல. புக்கிட் தீமா காட்டில் பகல் நேரத்தில் மரத்தண்டோடு தண்டாக ஒட்டிக்கிடக்கும் கொலுகோவைப் பலர் பார்த்திருப்பர். மலாய் மொழியில் அதைக் குபுங் என்பர். அதன் சவ்வு கழுத்திலிருந்து விரல் நுனி, வால் நுனிவரை விரிந்திருப்பதால் அது 100 மீட்டருக்கு மேலும் மிதந்து செல்லும். இவ்வட்டாரக் காடுகளில் பறக்கும் அணில்களும் உள்ளன. ஆனால், கொலுகோ, பறக்கும் அணில், சீனிச் சறுக்கி ஆகிய மூன்றும் ஒரே மூதாதையிடமிருந்து இந்தத் திறனைப் பெறவில்லை. மரத்திலிருந்து தரையிறங்கி நடந்தால் எதிரிக்கு இரையாக நேரிடும்; ஆற்றலும் வீணாகும். இந்தச் சிக்கலைத் தனித்தனியே எதிர்கொண்ட விலங்குகள் தனித்தனியே ஒரே தீர்வை அடைந்துள்ளன. பைப்பாலூட்டிகளுக்குள்ளேயே இது மூன்று முறை நிகழ்ந்திருக்கிறது. 12 கிராம் எடையுள்ள இறகுவால் சறுக்கியும், ஒரு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள பெருஞ்சறுக்கியும் சீனிச் சறுக்கியின் வழியில் வராமல் தாமாகவே மிதக்கத் தொடங்கியவை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை விளக்கும் ஓர் ஆய்வு 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. எம்எக்ஸ்-2 என்னும் மரபணு, மிதக்காத விலங்குகளிலும் இருக்கிறது. மிதக்கும் பைப்பாலூட்டிகளில் அம்மரபணுவை இயக்கும் முறை மாறியதால், விலாப்புறத் தோல் தடித்துச் சவ்வாக வளர்கிறது. அம்மரபணுவின் செயலைக் குறைத்தபோது சீனிச் சறுக்கிக் குட்டிக்குச் சவ்வு சரியாக வளரவில்லை. இந்த ஆய்வுக்குச் சீனிச் சறுக்கி மிகவும் ஏற்றதாக அமைந்தது. காரணம், சவ்வு தாயின் கருப்பையில் உருவாவதில்லை. குட்டி பிறந்து, வயிற்றுப்பைக்குள் இருக்கும்போதுதான் உருவாகிறது. ஆய்வாளர்களால் அவ்வளர்ச்சியை நேரில் கவனிக்க முடிந்தது.

பிசினும் பூச்சியும்

பெயரில் சீனி இருப்பதால் இவ்விலங்கு இனிப்பை மட்டுமே உண்ணும் என்று நினைத்துவிடக்கூடாது. அதன் உணவு காலத்திற்கேற்ப மாறும். வசந்தத்திலும் கோடையிலும் பூச்சிகள் பெருகும்போது வண்டு, அந்துப்பூச்சி, புழு, சிலந்தி ஆகியவற்றைத் தேடித் தின்னும். வளர்ச்சிக்கும் குட்டி வளர்ப்புக்கும் தேவையான புரதம் அவற்றிலிருந்தே பெரிதும் கிடைக்கிறது. பூக்கள் மலரும் காலத்தில் தேனையும் மகரந்தத்தையும் உண்ணும். அப்போது முகத்தில் ஒட்டும் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு செல்வதால், இரவு நேரத்தில் தேனீயின் வேலையையும் இது ஓரளவு செய்துவிடுகிறது.

குளிர்காலத்தில் பூச்சிகள் அருகிவிடும், பூக்களும் குறைந்துவிடும். அப்போது கைகொடுப்பவை மரங்களே. சீனிச் சறுக்கியின் கீழ்த்தாடையில் முன்னோக்கி நீண்ட இரண்டு பற்கள் உண்டு. அவற்றால் யூகலிப்டஸ் பட்டையைக் கீறி, கசியும் சாற்றை நக்கும். ஒரு முறை கீறிய காயத்தை விட்டுவிடாமல் இரவுதோறும் திரும்பி வந்து புதுப்பித்துக்கொள்ளும். இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுபவர் நேற்றைய கோட்டுக்குக் கீழே இன்று புதுக்கோடு இடுவதைப் போன்றது இது. அக்கேசியா மரத்திலிருந்து வடிந்து உறையும் பிசினும் முக்கிய உணவு. பிசினைச் செரிப்பது எளிதன்று. அதற்காக, சீனிச் சறுக்கியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் நீண்ட பை போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் பிசினை நொதிக்கச் செய்து உணவாக மாற்றித் தருகின்றன.

அப்படியும் போதாத இரவுகள் உண்டு. கடுங்குளிரும் மழையும் சேர்ந்தால் உணவு தேடச் செலவாகும் ஆற்றல், கிடைக்கும் உணவைவிட அதிகமாகிவிடும். அத்தகைய வேளைகளில் சீனிச் சறுக்கி பொந்தை விட்டு வெளியே வராது. மந்தநிலை என்னும் ஒருவகை ஆழ்ந்த துயிலுக்குச் சென்றுவிடும். இதயத்துடிப்பும் மூச்சும் மிக மெதுவாகும். வழக்கமாக 36 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் உடல் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரிவரை இறங்கக்கூடும். தொட்டால் உயிரற்றதைப் போலச் சில்லென்றிருக்கும். சில மணி நேரம் கழித்துத் தன் உடலைத் தானே சூடேற்றிக்கொண்டு விழித்தெழும். இது கரடிகளைப் போல மாதக்கணக்கில் நீளும் குளிர்காலத் தூக்கமன்று. ஒரு நாளுக்குள் தொடங்கி ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். குளிருக்கு மட்டுமன்றிப் புயலுக்கும் இது பயன்படுகிறது. சூறாவளியோடு கூடிய பெருமழை வீசிய இரவில் சீனிச் சறுக்கிகள் மந்தநிலைக்குச் சென்று ஆபத்தைக் கடத்தியதை 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது.

பொந்துக்குள் குடும்பம்

சீனிச் சறுக்கி தனித்து வாழாது. ஒரு பொந்தில் வளர்ந்த விலங்குகள் ஏழுவரையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்து வாழும். பொந்துக்கு மெத்தை இடும் வேலையும் பார்க்கத்தக்கது. பின்கால்களால் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இலைகளைக் கொய்யும். கொய்த இலைகளை வாலிடம் ஒப்படைக்கும். வால் அவற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள, இலைக்கட்டோடு பொந்துக்குத் திரும்பும். குளிர்நாள்களில் அந்த இலைப்படுக்கையில் எல்லாம் ஒன்றோடொன்று பந்தாகச் சுருண்டு கிடக்கும். தனியே படுத்தால் இழக்கும் வெப்பத்தைக் கூட்டமாகப் படுக்கும்போது காத்துக்கொள்ள முடிகிறது.

இருளில் வாழும் இக்குடும்பத்தில் யார் உறவு, யார் அந்நியர் என்பதை மணமே சொல்கிறது. ஆண் விலங்கின் நெற்றியிலும் மார்பிலும் மணம் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. நெற்றியில் மயிர் உதிர்ந்து வழுக்கையாகத் தெரியும் சிறு இடத்தைக் கொண்டே ஆணை அடையாளம் காணலாம். கூட்டத்தின் தலைமை ஆண், தன் நெற்றியை மற்றவற்றின்மேல் தேய்த்துக் கூட்டத்தின் பொதுமணத்தைப் பூசிவிடும். அந்த மணம் இல்லாத விலங்கு பொந்தை நெருங்கினால் சண்டை மூளும். இவ்வளவு சிறிய விலங்கு கோபத்தில் எழுப்பும் கரகரப்பான ஒலி, கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆந்தையோ உடும்போ கண்ணில் பட்டால் நாய்க்குட்டி குரைப்பதைப் போன்ற கூர்மையான ஒலியை விடாமல் எழுப்பிக் கூட்டத்தை எச்சரிக்கும்.

கருவுற்ற தாய் 16 நாள் அளவில் ஈன்றுவிடும். பிறக்கும் குட்டியின் எடை ஏறத்தாழ 0.2 கிராம், ஓர் அரிசி மணியின் அளவுதான். கண் திறந்திருக்காது, காது மடல் விரிந்திருக்காது, பின்கால்கள் சரியாக உருவாகியிருக்காது. ஆனால், முன்கால்களில் மட்டும் பற்றி ஏறும் வலிமை இருக்கும். யாருடைய உதவியும் இன்றி அது தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு வயிற்றுப்பைக்குள் ஊர்ந்து சென்று, ஒரு முலைக்காம்பை வாயில் கவ்விக்கொள்ளும். குட்டி நழுவிவிடாதபடி அக்காம்பு அதன் வாய்க்குள் உப்பிக்கொள்ளும். ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே பிறக்கும்.

ஏறத்தாழ 70 நாள்கள் குட்டி பையிலேயே வளரும். பையை விட்டு வெளியே வந்த பின்னும் பல வாரங்கள் பொந்திலேயே இருக்கும். அதன் உடலுக்குத் தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் அப்போது போதாது. தாய் இரை தேடச் செல்லும் நேரத்தில் தந்தை குட்டிகளோடு படுத்து வெப்பம் கொடுப்பதுண்டு. பாலூட்டிகளில் தந்தை குட்டிகளைப் பேணுவது அரிது. நான்கு மாத அளவில் குட்டி தானே இரை தேடத் தொடங்கும். ஓராண்டு நிறைவதற்குள் பெரும்பாலானவை பிறந்த பொந்தை விட்டு வேறு கூட்டத்தைத் தேடிச் சென்றுவிடும். புதிய இடம் தேடி அலையும் அந்தக் காலத்தில்தான் பல இளம் விலங்குகள் ஆந்தைக்கும் பூனைக்கும் நரிக்கும் இரையாகின்றன.

இத்தகைய விலங்கைக் கூண்டில் அடைத்து வளர்க்கும் ஆசை உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. சட்டைப்பைக்குள் சுருண்டு உறங்கும் அழகு பலரை மயக்கிவிடுகிறது. பையில் உறங்குவது பகலில்தான். இரவெல்லாம் மரம் மரமாக அலைய வேண்டிய உடல், கூண்டில் இரண்டு மூன்று தாவல்களோடு நின்றுவிடுகிறது. ஒற்றையாக வளர்க்கப்படும் சீனிச் சறுக்கி மனஅழுத்தத்தால் தன் மயிரையும் வாலையும் தானே கடித்துக் காயப்படுத்திக்கொள்வதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். வெறும் பழங்களைக் கொடுத்து வளர்த்தால் கால்சியம் குறைந்து எலும்புகள் வலுவிழக்கும். பின்கால்கள் செயலிழந்தும் போகலாம். கூண்டில் இது பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். 13 வயதில் ஆசைப்பட்டு வாங்கிய மாணவர் படிப்பை முடித்து வேலைக்குச் சேரும்போதும் அது அவரை நம்பியே இருக்கும். சிங்கப்பூரில் சீனிச் சறுக்கியைச் செல்லப்பிராணியாக வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை.

பொந்து தேடும் காலம்

காட்டில் சீனிச் சறுக்கி எத்தனை வாழும் என்பதை உணவைவிடப் பொந்துகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. மற்ற கண்டங்களில் மரங்கொத்திகள் தம் கூட்டுக்காக மரத்தைக் குடைகின்றன; அவை கைவிட்ட பொந்துகளில் அணில் முதல் ஆந்தைவரை குடியேறுகின்றன. ஆஸ்திரேலியாவிலோ மரங்கொத்தியே கிடையாது. அங்கே பொந்து உருவாகும் விதம் வேறு. முதலில் கிளை ஒடிய வேண்டும், அல்லது தீ தண்டைச் சுட வேண்டும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சையும் கறையானும் நுழைந்து உள்மரத்தை மெல்ல மெல்லத் தின்ன வேண்டும். ஒரு யூகலிப்டஸ் மரத்தில் பயன்படத்தக்க பொந்து உண்டாகப் பொதுவாக 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 300 வகை முதுகெலும்புள்ள விலங்குகள் இத்தகைய பொந்துகளை நம்பியுள்ளன.

வெட்டப்பட்ட காட்டில் புதிய மரங்களை நட்டால் 20 ஆண்டுகளில் மீண்டும் பசுமை தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் காடு திரும்பிவிட்டதாகவே தோன்றும். ஆனால், அந்த இளமரங்களில் ஒரு பொந்துகூட இருக்காது. 2019ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 2020ஆம் ஆண்டு தொடக்கம்வரை எரிந்த பெருந்தீ, சீனிச் சறுக்கி வாழும் தென்கிழக்குக் காடுகளின் பெரும்பரப்பை அழித்தது. தீயில் மாண்ட விலங்குகளின் இடத்தைப் பிழைத்தவற்றின் குட்டிகள் சில ஆண்டுகளில் நிரப்பக்கூடும். சாய்ந்துபோன முதுமரங்களின் இடத்தை நிரப்ப ஒரு நூற்றாண்டு வேண்டும்.

சாலைகளும் வேலிகளும் வேறு வகை இடையூறு. 30 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க வேண்டுமானால், சீனிச் சறுக்கி ஏறத்தாழ 17 மீட்டர் உயரத்தை இழக்க நேரிடும். அதைவிட உயரமான மரம் சாலையோரத்தில் இருந்தால்தான் மறுபுறத்து மரத்தைத் தொட முடியும். இல்லையேல் ஓடும் வண்டிகளுக்கு நடுவே விழும். பண்ணைகளைச் சுற்றியிருக்கும் முள்கம்பிகளில் சவ்வு சிக்கிக் கிழிந்து இறப்பவையும் உண்டு. பிரிஸ்பன் நகரின் காம்ப்டன் சாலைமீது கட்டப்பட்ட விலங்குப் பாலத்தில் இதற்கு ஒரு தீர்வு முயலப்பட்டது. கிளையற்ற உயரமான மரக்கம்பங்கள் வரிசையாக நடப்பட்டன. சீனிச் சறுக்கியின் நெருங்கிய உறவான அணில் சறுக்கி அக்கம்பங்களில் ஏறி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மிதந்து சாலையைக் கடப்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்தனர். பார்ப்பதற்கு விளக்கில்லாத விளக்குக்கம்பங்களைப் போல நிற்கும் அவை, வேறு சில நெடுஞ்சாலைகளிலும் இப்போது காணப்படுகின்றன.

பொந்துக்கு மாற்றாக மரப்பெட்டிகளை மரங்களில் பொருத்துவதும் வழக்கமாகியுள்ளது. சீனிச் சறுக்கிகள் அவற்றில் தயங்காமல் குடியேறுகின்றன. ஆயினும், மெல்லிய பலகையாலான பெட்டி கோடையில் அடுப்பாகச் சுடும், குளிர்காலத்தில் சில்லிட்டுவிடும். ஒரு சாண் தடிப்புள்ள மரச்சுவர் தரும் பாதுகாப்பைப் பலகை தருவதில்லை. பெட்டி சில ஆண்டுகளில் உளுத்தும் போய்விடும். எனவே, பெட்டியைப் பொருத்திவிட்டோம் என்ற நிறைவில் முதுமரத்தை வெட்ட அனுமதிப்பது சரியான பரிமாற்றமாகாது.

டாஸ்மேனியாவில் வேறு கதை

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் இரக்கத்துக்குரியதாகத் தோன்றும் இவ்விலங்கினம், தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவில் அச்சத்துக்குரியதாகிவிட்டது. அங்கே வாழ்பவை 1830களில் பெருநிலத்திலிருந்து மனிதர்கள் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை. மரபணு ஆய்வுகளும் இதை உறுதி செய்கின்றன. புதிய இனப்பகுப்பின்படி அவை கிரெஃப்ட் சறுக்கிகள்.

அதே தீவில் விரைவுக்கிளி என்னும் பச்சைக்கிளி இனம் உள்ளது. குளிர்காலத்தில் கடலைக் கடந்து பெருநிலத்திற்குச் செல்லும் இக்கிளி, முட்டையிடுவது டாஸ்மேனியாவில் மட்டுமே. நீலப் பிசின்மரம் எனப்படும் யூகலிப்டஸ் எங்குப் பூக்கிறதோ அங்குக் கூட்டமாகச் சென்று, அருகிலுள்ள மரப்பொந்துகளில் கூடு கட்டும். பெண்கிளி முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாக்கும். இக்கிளிகள் ஏன் வேகமாகக் குறைகின்றன என்று ஆராய்ந்தவர்கள் பொந்துகளுக்கு அருகே தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்தினர். 2014ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு பலருக்கும் அதிர்ச்சியளித்தது. இரவில் பொந்துக்குள் நுழைந்த சறுக்கிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றதோடு, அடைகாத்துக்கொண்டிருந்த தாய்க்கிளியையும் கொன்று தின்றன. பிசினும் தேனும் நக்கும் விலங்கு தன் எடையில் ஏறத்தாழப் பாதி எடையுள்ள பறவையைக் கொல்லும் என்று அதுவரை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

கூட்டில் இறப்பவை பெண்கிளிகள் என்பதால் பாதிப்பு இருமடங்காகிறது. ஆண்கிளிகள் மிகுந்து, துணையில்லாமல் திரிகின்றன. சறுக்கிகள் இல்லாத புரூனி, மரியா ஆகிய சிறு தீவுகளில் கூடுகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. விரைவுக்கிளி இன்று மிக மோசமான அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது.

எனினும், குற்றம் முழுவதையும் சறுக்கியின்மேல் சுமத்த முடியாது. அவ்விலங்கு தானாகக் கடல் கடந்து வரவில்லை. அதோடு, முதிர்ந்த காடு பரந்திருக்கும் இடங்களில் கிளிக்கூடுகள் தாக்கப்படுவது குறைவு என்றும், காடு வெட்டப்பட்டுச் சுருங்கிய இடங்களில் அதிகம் என்றும் அதே ஆய்வு கண்டறிந்தது. பொந்துகள் குறையக் குறைய, கிளியும் சறுக்கியும் ஒரே மரத்தில் சந்திக்க நேரிடுகிறது.

டாஸ்மேனியாவில் ஆய்வாளர்கள் இப்போது கூட்டுப்பெட்டிகளின் வாயிலில் சிறிய தானியங்கிக் கதவுகளைப் பொருத்தி வருகின்றனர். ஒளியை உணரும் கருவி ஒன்று அக்கதவை இயக்குகிறது. பொழுது சாய்ந்ததும் தாய்க்கிளி உள்ளே இருக்கக் கதவு மூடிக்கொள்ளும். இரவில் வரும் சறுக்கி வாயிலை முகர்ந்துவிட்டுத் திரும்பிச் செல்லும். விடிந்ததும் கதவு தானே திறக்க, கிளி வெளியே பறந்து வரும்.